பதினோரு பிள்ளைகளும் ஒரு சுடுதண்ணித் தொட்டியும்

அத்தியாயம் 14

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குப் புனிதா பசாரிலிருந்து திரும்பியபோது, பின்வாசல் வழியாக நுரை வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது.

வெள்ளை நுரைகூட இல்லை. மஞ்சளும் பச்சையும் கலந்த நுரை. அடுப்படிப் படியைத் தாண்டி, கேஸ் சிலிண்டரைச் சுற்றி வளைத்து, அரிசி டின் வரைக்கும் வந்துவிட்டது. கையிலிருந்த கீரைக்கட்டை அப்படியே தரையில் போட்டாள் புனிதா.

"ஐயோ, என் தண்ணி!"

நுரை எங்கிருந்து வருகிறது என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. அதைச் சொல்வதற்கு முன்னால், போன வாரங்களைத் தவறவிட்டவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நுரை எங்கும் ஓடிவிடாது.

புனிதாவுக்கு ஐம்பத்தாறு வயது. ரந்தா ஊருக்கு வெளியே இருக்கும் இரண்டு செம்பனைத் தோட்டங்களிலிருந்து தமிழ்ப்பள்ளிக்குப் பதினோரு பிள்ளைகளை ஏற்றிப் போகும் வேன் அவளுடையது. பத்தொன்பது வருஷமாக அவளேதான் ஓட்டினாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் இடது முழங்கால் பிடித்துக்கொண்டது. அன்றைக்கே சாவியைக் கணவரின் அக்காள் மகன் மணியத்திடம் கொடுத்து, "கொஞ்ச நாளைக்கு நீ ஓட்டு" என்றாள். வேன் நடுவழியில் நின்றுபோனது என்று மட்டும் வீட்டில் சொன்னாள். மீதியை விழுங்கிவிட்டாள்.

பள்ளி வேன் ஓட்டும் லைசென்ஸைப் புதுப்பிக்க டாக்டர் சான்று வேண்டும். சிரம்பான் டாக்டர் அவள் காலை மடக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ஆறு வாரம் தவணை கொடுத்தார். அதற்குள் முட்டி மடங்க வேண்டும், கிளட்ச் மிதிப்பதுபோல இருபது தடவை நிறுத்தாமல் மிதித்துக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் கையெழுத்து இல்லை என்று சொல்லிவிட்டார். அந்த ஆறு வாரம் இன்றைக்கு மாலை நாலு மணிக்கு முடிகிறது.

மருமகள் மயூரி சிரம்பானில் பிசியோதெரபிஸ்ட். அவள்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியாரைப் பெடாஸ் வெந்நீர் ஊற்றுக்குக் கூட்டிப்போனாள். அன்று மாலை புனிதா பல வருஷத்துக்குப் பிறகு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பயற்றங்காய் நறுக்கினாள். ஆனால் தினமும் பெடாஸுக்குப் போய்வர முடியுமா? வெந்நீரையே வீட்டுக்குக் கொண்டுவருவது என்று அவள் முடிவெடுத்தது அன்றைக்குத்தான்.

அந்தச் சுடுதண்ணித் தொட்டியை, கடைக்காரர்கள் சொல்லும் ஹாட் டப்பை, தேர்ந்தெடுத்த கதையைச் சிரிக்காமல் சொல்ல முடியாது. முதல் கடைக்காரன் கலர் விளக்கையும் ஸ்பீக்கரையும் போட்டுக் காட்டினான். "பாட்டு கேக்க என் வேன்ல ரேடியோ இருக்கு தம்பி. இதுல இறங்க எத்தன படி, ஏற எங்க பிடிக்கணும், அத சொல்லு" என்றாள் புனிதா. இரண்டாவது கடையில் காற்றடிக்கும் ரகம். அழுத்தினால் உள்ளே போனது. பிடித்து எழுந்திருக்க முடியாது என்று வெளியே வந்துவிட்டாள். மூன்றாவது கடையில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார்கள், உட்கார்ந்து பார்த்தே வாங்கலாம் என்றார்கள். புனிதா சுடிதாரோடு இறங்கி, கடைக்கு வந்தவர்கள் எல்லாம் வேடிக்கை பார்க்க, நாலு இருக்கையிலும் பத்துப் பத்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்தாள். மூலையிலிருந்த ஆழமான இருக்கையில் முட்டி முழுசாக நீருக்குள் இருந்தது. காலை நீட்டினால் எதிர்ச்சுவரைக் கிளட்ச் மாதிரி மிதிக்க முடிந்தது. "இதுதான்" என்றாள்.

தண்ணீரோடு ஒன்றரை டன் எடை என்றார்கள். அதற்காகக் கொல்லையில் தனியாகக் கான்கிரீட் போட்டாள். தனி மின் இணைப்பு வந்தது. இரண்டு நாளைக்கு ஒருமுறை சோதனைக் காகிதத்தைத் தண்ணீரில் முக்கி, நிறம் பார்த்து மருந்து போடக் கற்றுக்கொண்டாள். தினமும் காலை ஐந்தரைக்கு, முதலில் குழாயில் குளித்துவிட்டு, அரை மணி நேரம் அதில் இறங்கிப் பயிற்சி செய்தாள். இன்றைக்கு மட்டும் காலையில் வேண்டாம், பிற்பகல் இரண்டு மணிக்கு இறங்கிவிட்டு நேரே கிளினிக்குக்குப் போகலாம் என்று மயூரி சொல்லியிருந்தாள்.

இத்தனை நடந்தும் கணவர் திருச்செல்வம் அந்தத் தொட்டியை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. செம்பனை எண்ணெய் ஆலையில் முப்பத்தொரு வருஷம் பாய்லர் பார்த்து ஓய்வு பெற்றவர். "வீட்டுக்குள்ள எதுக்கு இன்னொரு பாய்லர்" என்று ஒரு வார்த்தை சொன்னார், அதோடு சரி.

இப்போது நுரைக்கு வருவோம்.

தொட்டிக்குள் கழுத்து வரைக்கும் நுரை மூடி உட்கார்ந்திருந்தாள் ராக்கம்மா. திருச்செல்வத்தின் அக்காள், மணியத்தின் தாய். கோலா கிளாவாங்கிலிருந்து நேற்றுத்தான் வந்திருந்தாள். வெள்ளிக்கிழமை அல்லவா? தலைக்கும் உடம்புக்கும் நல்லெண்ணெய் தேய்த்து, முகத்துக்கு மஞ்சள் பூசி, ஒரு கிண்ணம் அரப்புத் தூளைக் கையில் எடுத்துக்கொண்டு தொட்டிக்குள் இறங்கிவிட்டாள். அரப்பைத் தலையில் போட்டுத் தேய்த்தபோது கை பட்டு ஏதோ பொத்தான் அமுங்கியது. நாலு பக்கமிருந்தும் தண்ணீர் பீய்ச்சியடித்தது. மற்றதை எண்ணெயும் அரப்பும் பார்த்துக்கொண்டன.

"புனிதா, நல்ல நேரத்துல வந்த! இத எப்புடி நிறுத்துறது? நானும் தட்டுறேன், நிக்கமாட்டேங்குது!"

"அண்ணி, மொதல்ல எந்திரிங்க! கையக் குடுங்க!"

புனிதா அவளைப் பிடித்து வெளியே ஏற்றிய நேரத்தில் தொட்டி தானே நின்றது. மூன்று தடவை கீச்சென்று கத்தியது. திரையில் மூன்று எழுத்து மின்னியது. அதன் அர்த்தம் புனிதாவுக்கு மனப்பாடம்: வடிகட்டி அடைத்துக்கொண்டது, தண்ணீர் ஓடவில்லை, இனிமேல் சூடாக்க மாட்டேன்.

நுரையைக் கையால் விலக்கிப் பார்த்தாள். தண்ணீர் அரிசி கழுவிய நீர் மாதிரி கலங்கியிருந்தது. மேலே எண்ணெய் வட்டம் வட்டமாக மிதந்தது. வெள்ளைச் சுவரைச் சுற்றி ஒரு மஞ்சள் கோடு.

கடைக்குப் போன் போட்டாள். ஆள் திங்கட்கிழமைதான் வருவான் என்றார்கள்.

ராக்கம்மா துண்டைச் சுற்றிக்கொண்டு, கண்ணில் அரப்பு எரிய, குற்றவாளியாக நின்றாள். "குளிக்கிற தொட்டின்னுதானே நெனச்சேன். தம்பிதான், இடுப்பு வலிக்கு நல்லாருக்கும், போய் உக்காரு அக்கான்னுச்சு."

புனிதா நேரே முன்பக்கம் நடந்தாள்.

திருச்செல்வம் கார் நிறுத்தும் கொட்டகையில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அதே நேரத்தில் மயூரியின் கார் வாசலில் வந்து நின்றது. மாமியாருக்காக அரை நாள் லீவு போட்டு வந்திருந்தாள்.

"என்னங்க, அண்ணிய அதுல குளிக்கச் சொன்னது நீங்களா?"

"ஆமா. இடுப்பு வலிக்குதுன்னுச்சு."

"தல நெறைய எண்ணெ வச்சுக்கிட்டுப் போனாங்களே. பாத்தீங்களா?"

பேப்பர் அசையவில்லை.

"ஒங்களத்தான் கேக்குறேன். முப்பத்தோரு வருஷம் பாய்லர் பாத்தவரு நீங்க. தண்ணியில எண்ணெ போனா நொரச்சுக்கிட்டுப் பொங்கும்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

திருச்செல்வம் பேப்பரை நாலாக மடித்து மடியில் வைத்தார். "தெரியும்" என்றார்.

"தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டு இருந்தீங்களா?"

"இருந்தேன்."

கேட்டைத் திறந்த மயூரி ஒரு காலை உள்ளே வைத்தபடி நின்றுவிட்டாள். உள்ளே வருவதா, திரும்பிப் போய்க் காரில் உட்காருவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"ஏன்?" என்றாள் புனிதா. கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதில் அதிகமாக இருந்தது. முப்பத்து மூன்று வருஷக் குடித்தனத்தில் இந்த மனிதர் அவளுக்கு ஒரு கெடுதல் செய்ததில்லை.

"நான் பாத்தேன் புனிதா."

"எத?"

"அன்னைக்கு முச்சந்தியில. ரோட்டோர ஒட்டுக்கடையில நாசி லெமாக் சோறு கட்டச் சொல்லிட்டு நின்னுக்கிட்டிருந்தேன். ஒன் வேன் தோட்டத்து ரோட்டுலேர்ந்து ஏறி வந்துச்சு. மூக்கு பெரிய ரோட்டுல, ஒடம்பு சின்ன ரோட்டுல. அப்படியே நின்னுபோச்சு. செம்பனைக் குலை ஏத்துன லோரி எறக்கத்துல வருது. பிரேக் புடிச்சான் பாரு, அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு." அவர் கையை நீட்டிக் காட்டினார். "இவ்ளோதான் எடம். ஒரு கை நீளம். சன்னல் ஓரத்துல ரெட்டைச் சடை போட்ட ஒரு சின்னப் புள்ள. லோரியப் பாத்து சிரிச்சுக்கிட்டு இருந்துச்சு. அதுக்கு ஒண்ணுமே தெரியல."

அன்று காலை நடந்ததை யாரும் பார்க்கவில்லை என்று புனிதா இரண்டு மாதமாக நம்பிக்கொண்டிருந்தாள். அவமானம் முகத்தில் சூடாக ஏறியது.

"வீட்டுக்கு வந்து, வண்டி நின்னுபோச்சுன்னு சொன்ன. நீயா மீதிய சொல்லுவன்னு பாத்தேன். நாளு போச்சு, வாரம் போச்சு. நீ என்னடான்னா தொட்டி வாங்கி வச்சு மறுபடியும் அந்த சீட்டுல ஏறப் பாக்குற. காலைல அக்கா எண்ணெத் தலையோட பின்னால போனப்ப, நில்லுன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல. போகட்டும்னு விட்டுட்டேன்."

"சொன்னா சாவிய வாங்கி மணியத்துக்கிட்ட மொத்தமா குடுத்துருவீங்கன்னு பயந்தேங்க."

"குடுத்துட்டேன்" என்றார் திருச்செல்வம். "நாளைக்கு வர்றான். வண்டிய அவன் பேருக்கு மாத்திக்கலாம்னு வாக்குக் குடுத்துட்டேன்."

ஈரத் தலையோடு பின்னால் வந்து நின்ற ராக்கம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"தம்பி, என் மவனுக்கு வேன் கெடைச்சா எனக்கும் சந்தோசந்தான். இல்லன்னு பொய் சொல்லல. ஆனா என் தலையில எண்ணெ தேச்சு அத வாங்கணும்னு நான் நெனைக்கல லா."

மயூரி உள்ளே வந்து மாமியாரின் கையைப் பிடித்தாள். "மாமி, இண்டைக்கு வேண்டாம். முட்டி இறுகிப்போய் இருக்கும். நான் டாக்டருக்குப் போன் செய்து வேற டேட் கேக்கட்டோ?"

யாழ்ப்பாண வீட்டுப் பெண். பேச்சு எப்போதும் மெதுவாகத்தான் வரும். புனிதா அந்தக் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"வேணாம்மா. இத்தன நாளா இருட்டுல எந்திரிச்சு அதுல எறங்கியிருக்கேன். வேல செஞ்சது அந்தத் தண்ணியா, என் காலான்னு இன்னைக்குத் தெரிஞ்சுரட்டும். சுடுதண்ணியில உக்காந்துட்டு நேரா போனா டாக்டர்கிட்ட காலு நல்லாருக்குன்னு காட்டலாம். மத்தியானம் ஒண்ணர மணிக்குப் புள்ளைங்கள ஏத்துறப்ப எந்தக் காலு இருக்கும்? அத யாரு பாக்குறது?"

ஒரு பிசியோதெரபிஸ்ட் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது என்று மயூரிக்குத் தோன்றியது.

காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வந்து மணியம் வேனை வீட்டு முன்னால்தான் விட்டுப் போயிருந்தான். புனிதா ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்தாள்.

"என்னங்க, எந்திரிங்க. ஏறுங்க."

"எங்க?"

"அதே முச்சந்திக்கு. அன்னைக்குத் தூரத்துலேர்ந்து பாத்தீங்கள்ல? இன்னைக்குப் பக்கத்துல உக்காந்து பாருங்க."

இரண்டு மாதத்துக்குப் பிறகு அந்த இருக்கையில் ஏறினாள். மணியம் சீட்டைப் பின்னால் தள்ளி வைத்திருந்தான். அதை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். காலி வேன் தோட்டத்துச் செம்மண் ரோட்டில் குலுங்கிக்கொண்டு போனது. திருச்செல்வம் ஒரு கையால் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டார்.

தோட்டத்து ஆபீஸ் வரைக்கும் போய்த் திருப்பினாள். முச்சந்திக்குக் கீழே இருக்கும் ஏற்றத்தில், பெரிய ரோட்டுக்கு நன்றாக உள்ளே தள்ளி, முதல் தடவை நிறுத்தினாள். கிளட்சை மிதித்தாள். முட்டிக்குள் ஏதோ கறமுறவென்றது, ஆனால் மடங்கியது.

"ஒண்ணு" என்றாள்.

விட்டாள். இரண்டு அடி நகர்த்தி மறுபடியும் மிதித்தாள். "ரெண்டு."

ஆறாவது தடவையில் வேன் முச்சந்திக்கு வந்திருந்தது. பின்னால் விட்டு மறுபடியும் கீழிருந்து தொடங்கினாள். ஒட்டுக்கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர், இந்த வேனுக்கு என்ன ஆயிற்று என்று கிளாசோடு எழுந்து நின்று பார்த்தார்கள். ஒரு லோரி கடந்து போனது. திருச்செல்வம் கண்ணை மூடித் திறந்தார்.

பதின்மூன்று. பதினான்கு. புனிதாவின் மேலுதட்டில் வியர்வை அரும்பியது. பதினேழாவது தடவை மிதித்தபோது முட்டியின் உட்பக்கத்தில் சுருக்கென்று ஒரு வலி தொடை வரைக்கும் ஏறியது.

உடனே ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். கியரை எடுத்தாள். சிக்னல் போட்டு, பிரேக்கை மெல்ல விட்டு, வேனைப் பின்னுக்கு உருட்டிப் புல் ஓரத்தில் நிறுத்தினாள்.

"பதினேழு. இப்ப வலிக்குது" என்றாள்.

"அன்னைக்கும் வலிச்சுதுல்ல?"

"வலிச்சுது." அவள் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "தோட்டத்து ஆபீஸ்கிட்ட வர்றப்பவே வலிச்சுது. பெல் அடிச்சுருவாங்க, பள்ளிக்கூடத்துல கேட்டப் பூட்டிருவாங்கன்னு வலிய மறைச்சுக்கிட்டு ஓட்டுனேன். ஓரங்கட்டல. அதாங்க தப்பு. முட்டி இல்ல. நான் பண்ணது."

இதைக் கேட்பதற்காகத்தான் திருச்செல்வம் இரண்டு மாதம் காத்திருந்தார். கேட்டதும், இவளோடு பேசாமல் இருந்தோமே என்று மனசு கனத்தது.

ஐந்து நிமிஷம் காலை நீட்டி ஆறப்போட்டாள். பிறகு எஞ்சினைக் கிளப்பினாள்.

"பதினெட்டு. பத்தொம்பது. இருவது."

இருபதாவது தடவைக்குப் பிறகும் கால் மடங்கியது. அவள் வேனைத் திருப்பி வீட்டுப் பக்கம் ஓட்டினாள். பாதி வழியில் திருச்செல்வம் தொண்டையைக் கனைத்தார்.

"அந்த ஃபில்டர எந்தப் பக்கமா திருகிக் கழட்டுறது?"

"எடப்பக்கம்" என்றாள் புனிதா.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டுக் கொல்லைக்குப் போனார். ஆலையில் முப்பத்தொரு வருஷம் செய்த வேலை. யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தண்ணீரைத் திறந்துவிட்டார். பழைய கைலியால் சுவரில் ஒட்டிய எண்ணெயை மேலிருந்து கீழாக வழித்தெடுத்தார். வடிகட்டியின் மடிப்பு மடிப்பான துணிக்குள் அரப்பு சேறாகப் படிந்திருந்தது. அதை விரித்து ஓஸ் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சினார்.

"இப்பவே ரொப்பக் கூடாது" என்றார், யாரும் கேட்காமலே. "கொழாய்க்குள்ள எண்ணெ நிக்கும். ரெண்டு தடவ ரொப்பி எறக்கணும். சூடு எத்தன டிகிரியில வப்பா ஒங்க மாமி?"

"முப்பத்தெட்டு" என்றாள் மயூரி.

"பாய்லருக்கு அது பச்சத்தண்ணி" என்றார் திருச்செல்வம்.

ராக்கம்மா தொட்டிக்குள் மண்டியிட்டு, சோடா உப்பைத் துணியில் தொட்டு மஞ்சள் கோட்டைத் தேய்த்தாள். கோடு முக்கால்வாசி போனது. மீதியைப் பார்த்து, "மஞ்ச நல்ல மஞ்ச" என்று பெருமூச்சு விட்டாள். புனிதாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

தண்ணீர் இல்லாத தொட்டியை அப்படியே விட்டுவிட்டு மூன்று பேரும் மூன்று மணிக்குச் சிரம்பானுக்குக் கிளம்பினார்கள். திருச்செல்வத்தை யாரும் வரச்சொல்லவில்லை. அவரே சட்டையை மாட்டிக்கொண்டு மயூரியின் கார் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

கிளினிக்கில் டாக்டர் முட்டியை மடக்கிப் பார்த்தார். இன்னொரு தடவை மடக்கிப் பார்த்தார். அளவு பார்க்கும் கருவியை வைத்து டிகிரியைப் படித்துவிட்டு, கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"என்ன செஞ்சீங்க?"

"சுடுதண்ணியில உக்காந்தேன் டாக்டர். இன்னைக்கு மட்டும் உக்காரல."

பயிற்சிக்கு வைத்திருந்த மிதிகட்டையில் இருபது தடவை மிதிக்கச் சொன்னார். பதினேழில் வலி எட்டிப் பார்த்தது. புனிதா வேகத்தைக் குறைத்தாள், நிறுத்தவில்லை. இருபது முடிந்தபோது மயூரிதான் பெரிதாக மூச்சு விட்டாள்.

"குட். ஃபார்ம மட்டும் பூர்த்தி செஞ்சு குடுங்க. கையெழுத்துப் போட்டுடலாம்."

ஃபார்மில் எல்லாம் பழைய கேள்விகள்தான். சர்க்கரை உண்டா, வலிப்பு உண்டா, கண் தெரிகிறதா. கடைசிக் கேள்வி, கடந்த ஆறு மாதத்தில் வண்டி ஓட்டும்போது உடல்நிலையால் ஏதாவது சம்பவம் நடந்ததா? போன தடவை இதே கட்டத்தில் 'இல்லை' என்று போட்டிருந்தாள்.

பேனா அந்தக் கட்டத்துக்கு மேலே நின்றது. கணவர் பக்கம் அவள் திரும்பவில்லை. திரும்பினால் அவருக்காகப் போட்டதாக ஆகிவிடும்.

'ஆம்' என்று போட்டாள்.

டாக்டர் படித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். "போன தடவ இல்லன்னு போட்டிருந்தீங்களே?"

"பொய் போட்டேன் டாக்டர்."

நடந்ததைச் சொன்னாள். லோரியைச் சொன்னாள். வலியை மறைத்துக்கொண்டு ஓட்டியதைச் சொன்னாள்.

"வண்டியில பிள்ளைங்க இருந்தாங்களா?"

"பதினோரு பேரு."

டாக்டர் திருச்செல்வத்தைப் பார்த்தார். "நீங்க கணவரா? நீங்க என்ன சொல்றீங்க?"

திருச்செல்வம் எழுந்து நின்றார். டாக்டர் முன்னால் உட்கார்ந்து பேசி அவருக்குப் பழக்கமில்லை. "அன்னைக்கும் நான் பாத்தேன் டாக்டர். இன்னைக்கு அதே எடத்துல பக்கத்துல உக்காந்தும் பாத்தேன். வலிச்ச ஒடனே ஓரங்கட்டுனா. அன்னைக்கு அத செய்யல. இன்னைக்குச் செஞ்சா."

"கால் எனக்குத் திருப்திதான்" என்றார் டாக்டர் மெதுவாக. "ஆனா இத எழுதின பிறகு நான் மட்டும் முடிவு செய்ய முடியாது. எலும்பு ஸ்பெஷலிஸ்ட்கிட்ட லெட்டர் குடுக்குறேன். செவ்வாய்க்கிழமை அவர் பாக்கட்டும். அதுவரைக்கும் வேன் ஓட்டாதீங்க."

வெளியே வந்ததும் மயூரிக்குக் கண் கலங்கிவிட்டது. "மாமி, ஒரு டிக் மட்டும்தானே. போடாம விட்டிருந்தா இப்ப சைன் கிடைச்சிருக்கும்."

"கெடச்சிருக்கும்மா" என்றாள் புனிதா. "கெடச்சு, தெனமும் அந்த முச்சந்தியத் தாண்டணும்ல?"

திருச்செல்வம் சுவர் ஓரமாகப் போய் மணியத்துக்குப் போன் போட்டார். காது கொஞ்சம் மந்தம். எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். தாழ்வாரத்தில் காத்திருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்டது.

"மணியம், நாளைக்குப் பேரு மாத்த வேணாம்பா. வேன குடுக்குறதா இல்ல. நான்தான் அவசரப்பட்டு வாக்குக் குடுத்துட்டேன். மன்னிச்சுக்க."

"என்ன மாமா இப்புடி சொல்றீங்க?" மணியத்தின் குரல் உயர்ந்தது. "நான் எல்லாப் புள்ளைங்க வீட்டுலயும் சொல்லிட்டேனே! திங்கக்கெழமையிலேர்ந்து வேன் என்னுது, அத்தைக்குக் கால் போயிருச்சு, இனிமே வரமாட்டாங்கன்னு. இப்ப போயி நான் என்னான்னு சொல்றது?"

புனிதா கையை நீட்டினாள். திருச்செல்வம் போனைக் கொடுத்தார்.

"மணியம், அத்தை பேசுறேன். திங்கக்கெழமை நீதான் ஓட்டணும். செவ்வாக்கெழமையும் நீதான். டாக்டரு சொல்ற வரைக்கும் சாவி ஒன்கிட்டயே இருக்கட்டும். ஆனா நாளைக்குக் காலைல வந்து என்னைய அந்தப் பதினோரு வீட்டுக்கும் கூட்டிக்கிட்டுப் போ."

"எதுக்கு அத்தை?"

"அன்னைக்கு லோரி எவ்ளோ கிட்ட வந்துச்சுன்னு அவங்களுக்குத் தெரியாது. நான்தான் சொல்லணும். மொத்தத்தையும் சொல்லுவேன். கேட்டுட்டு, யாருக்கு என்கிட்ட புள்ளைய விட மனசு வருதோ, அவங்க விடட்டும்."

பாவம், மணியம் கெட்டவன் இல்லை. தயங்கித்தான் கேட்டான்.

"அத்தை... ஒரு வீட்டுலயும் விடலன்னா?"

திருச்செல்வம் அவளைப் பார்த்தார். மயூரி பார்த்தாள். தாழ்வாரத்தில் மருந்துக்குக் காத்திருந்த முன்பின் தெரியாத ஒரு பெண்கூட நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப வேன் ஒன்னுது" என்றாள் புனிதா.